பயணமும் பிழைப்பும்: ஜோர்ஜ் ரொஜரின் ஒளிப்படங்கள் பற்றிய ஒரு மதிப்பீடு

1

கலையைக் கைம்முதலாகக் கொண்டு ஊரூராகச் சென்று வாழ்ந்தோர் பல சமுதாயங்களில் இருந்துள்ளனர். பழந்தமிழ் இலக்கியத்திற் பயிற்சியுடையோருக்குப் பாணரும் பொருநரும் கூத்தரும் விறலியரும் உடனே நினைவுக்கு வருவர். பத்துப்பாட்டிலே சரிபாதி, அதாவது ஐந்து பாடல்கள், ஆற்றுப்படை என்னும் வகையைச் சார்ந்தவை. பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிர்ப்படும் இன்னொரு கலைஞனுக்கு வழியையும் வள்ளலையும் காட்டுவதே அவ்வகையின் பொது அமைப்பு. வழிநெடுகக் காணப்படும் நிலங்களும் மக்களும் உணவும் அப்பாடல்களில் விரிவாக இடம்பெறுகின்றன. ஆயினும் அப்பயணத்தின் செலவை ஈடுசெய்பவன் வழியின் முடிவில் இருக்கும் புரவலன். ஆதலால், வழியிற் கண்டவை பெரும்பாலும் அவனது புகழை நோக்கியே ஒழுங்குபடுத்தப்படுகின்றன. கண்டவன் யார், கண்டதற்குக் கூலி கொடுத்தவன் யார், காணப்பட்டவனுக்குக் கிடைத்தது யாது என்னும் மூன்று வினாக்களையும் தவிர்த்துவிட்டு அவ்விலக்கியத்தின் சமூக அடிப்படையை விளங்கிக்கொள்ள முடியாது.

இவ்வினாக்கள் இருபதாம் நூற்றாண்டில் வேறொரு கலைத்துறையிலே புதுவடிவம் பெற்றன. கமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு உலகைச் சுற்றி வந்து, எடுத்த படங்களைச் சஞ்சிகைகளுக்கு விற்று, அப்பணத்தைக் கொண்டு அடுத்த பயணத்தை மேற்கொண்ட சுயாதீன ஒளிப்படக் கலைஞர்களின் வாழ்க்கையே இங்கு குறிப்பிடப்படுவது. எவனிடமும் மாதச் சம்பளம் பெறாது நினைத்த இடத்துக்குச் செல்லும் இவ்வாழ்க்கை, இளைஞரைப் பெரிதும் கவர்ந்த ஓர் இலட்சியமாக இன்றும் விளங்குகிறது. இவ்விலட்சியத்தின் உண்மையான பொருளாதாரம் யாது, அப்பொருளாதாரம் படங்களின் உள்ளடக்கத்தை எவ்வாறு பாதித்தது என்பவற்றை, பிரித்தானியரான ஜோர்ஜ் ரொஜரின் (1908-1995) வாழ்வையும் படைப்பையும் ஆதாரமாகக் கொண்டு ஆராய்வது பயனுடையது. அவரிலும் புகழ்பெற்றோர் பலர் உளர். ஆனால் மேற்கூறிய மூன்று வினாக்களையும் ஒருங்கே எழுப்பும் வாழ்க்கை அவருடையதே.

2

ரொஜர் ஒளிப்படத்தின் வழியாகப் பயணத்துக்கு வந்தவரல்லர். பயணத்தின் வழியாக ஒளிப்படத்துக்கு வந்தவர். இளவயதிலேயே பிரித்தானிய வர்த்தகக் கப்பல்களில் வேலைக்குச் சேர்ந்து உலகைச் சுற்றியவர், தாம் கண்டவற்றை எழுதத் தொடங்கினார். எழுதியவற்றுக்குப் படங்கள் தேவைப்பட்டமையால் தாமாகவே கமராவைப் பயின்றார். பின்னர் பெரும் பொருளாதார மந்தம் நிலவிய ஆண்டுகளில் அமெரிக்காவிலே கிடைத்த வேலைகளையெல்லாம் செய்து காலங்கழித்தார். 1936ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்குத் திரும்பிய பின்னரே, பி.பி.சி.யின் ‘லிசனர்’ சஞ்சிகைக்குப் படமெடுக்கும் தொழில் அவருக்குக் கிட்டியது. இவ்வரலாறு மனங்கொளத்தக்கது. உழைத்துப் பிழைக்க வேண்டியிருந்த ஒருவருக்கு, பயணமும் பிழைப்பும் தொடக்கத்திலிருந்தே பிரிக்கமுடியாதவையாக இருந்தன. அவரது நண்பரான ஆன்றி கார்த்தியே-பிரெசோன் நூல் உற்பத்தியில் ஈடுபட்ட செல்வக் குடும்பத்திலே பிறந்தவர். ஊர் சுற்றுவதற்கு வேண்டிய மனத்துணிவு இருவருக்கும் ஒன்றாக இருந்திருக்கலாம். தோல்வியைத் தாங்கும் வசதி ஒன்றாக இருக்கவில்லை.

இரண்டாம் உலகப்போர் ரொஜருக்கு வாழ்வளித்தது என்பது கசப்பான உண்மை. ஜேர்மனிய விமானங்களின் குண்டுவீச்சுக்குள்ளான இலண்டனை அவர் எடுத்த படங்கள் அமெரிக்காவின் ‘லைஃப்’ சஞ்சிகையின் கவனத்தை ஈர்த்தன. அதன் நிருபராக மேற்கு ஆபிரிக்கா, மத்திய கிழக்கு, பர்மா, இத்தாலி எனப் பல போர்முனைகளுக்கும் அவர் சென்றார். 1942ஆம் ஆண்டிலே அவரது பயணங்களைப் பற்றி ‘லைஃப்’ வெளியிட்ட கட்டுரைக்கு, அவர் கடந்த 75,000 மைல்களே தலைப்பாக அமைந்தன. பயணியின் தூரம் சஞ்சிகையின் விளம்பரமாயிற்று. செலவு முழுவதும் சஞ்சிகையுடையது. எடுத்த படமும் சஞ்சிகையுடையது.

இவ்வாழ்க்கை 1945ஆம் ஆண்டு ஏப்ரலில் பேர்கன்-பெல்சன் என்னும் நாற்சி வதைமுகாமிலே முறிந்தது. பிரித்தானியப் படைகள் அம்முகாமை ஏப்ரல் 15ஆம் திகதி விடுவித்தன. சில நாட்களுள் ரொஜர் அங்கு சென்றார். குவிந்துகிடந்த பிணங்களைப் படமெடுத்துக்கொண்டிருந்தபோது, அப்பிணங்களை அழகான அமைப்பிலே கமராவின் சட்டத்துக்குள் பொருத்திக்கொண்டிருந்த தமது பழக்கத்தை அவர் திடீரென உணர்ந்தார். அந்த உணர்வே தம்மைப் போர்ப் படங்களிலிருந்து விலகச் செய்தது என அவர் பின்னாளிற் பலமுறை கூறியுள்ளார். கலைஞன் ஒருவன் தனது திறமையைக் கண்டே அஞ்சிய தருணம் அது.

பெல்சனில் அவர் எடுத்தவற்றுள் மிகவும் அறியப்பட்ட படம், 1945 மே மாதம் ‘லைஃப்’ சஞ்சிகையில் வெளியானது. அரைக்காற்சட்டையணிந்த சிறுவன் ஒருவன் சாலையில் நடந்து வருகிறான். சாலையின் ஓரத்தில் பிணங்கள் வரிசையாகக் கிடக்கின்றன. அவன் முகத்தை மறுபுறம் திருப்பிக்கொண்டிருக்கிறான். அவன் ஒரு ஜேர்மனியச் சிறுவன் எனவும், குற்றத்தைக் காண மறுக்கும் ஒரு தேசத்தின் குறியீடே அந்த முகத்திருப்பல் எனவும் நீண்டகாலம் பலர் பொருள்கொண்டனர். உண்மையில் அவன் அம்முகாமிலே அடைக்கப்பட்டிருந்து உயிர்தப்பிய, ஒல்லாந்து நாட்டு யூதச் சிறுவன். குற்றவாளியின் அலட்சியமாக வாசிக்கப்பட்ட அதே அசைவு, பாதிக்கப்பட்டவனின் தாங்கமுடியாமையாகவும் இருக்கமுடியும் என்பதைப் படம் தானாகச் சொல்லவில்லை. படத்துக்குரியவன் பேசாதவிடத்து, வாங்கியவர் தரும் விளக்கமே படத்தின் பொருளாகிவிடுகிறது. ரொஜரின் பிற்காலப் படங்களை மதிப்பிடுவதற்கு இவ்வுண்மை அடிப்படையானது.

3

1947ஆம் ஆண்டிலே மக்னம் என்னும் ஒளிப்படக் கூட்டுறவு நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டது. ரொபேர்ட் கப்பா, கார்த்தியே-பிரெசோன், டேவிட் சீமூர், வில்லியம் வன்டிவேர்ட் ஆகியோரோடு ரொஜரும் அதன் நிறுவகருள் ஒருவர். ஒவ்வொருவரும் 400 டொலர் முதலீடு செய்ததாகக் கூறப்படும். இதன் சிந்தனையாளராக விளங்கிய கப்பா, ஒளிப்படச் சந்தையின் இயல்பைத் தமது பெயரிலேயே கற்றுக்கொண்டவர். புடாபெஸ்ற் நகரிலே பிறந்த எந்திரே பிறீட்மன் என்னும் அகதி இளைஞரும், அவரது துணைவியாகிய கேர்டா டாரோவும் 1936ஆம் ஆண்டளவில் பாரிஸ் நகரிலே ‘ரொபேர்ட் கப்பா’ என்னும் செல்வந்த அமெரிக்கக் கலைஞரைக் கற்பனையாகப் படைத்தனர். வறிய அகதியின் படத்துக்குக் கிடைக்காத விலை, இல்லாத அமெரிக்கரின் படத்துக்குக் கிடைத்தது. படத்தின் விலையை அதன் தரம் மாத்திரம் நிர்ணயிப்பதில்லை என்னும் பாடத்தை இதனிலும் தெளிவாக எந்தப் பொருளியல் நூலும் கற்பிக்கமுடியாது.

மக்னத்தின் அடிப்படைக் கொள்கை எளிமையானது: படத்தின் உரிமையும் நெகற்றிவும் அதை எடுத்தவருக்கே சொந்தம். அதுவரை வழக்கத்திலிருந்த முறை வேறு. சம்பளம் பெறும் ஒளிப்படக்காரர் எடுக்கும் படம் சஞ்சிகையின் உடைமை. அது எத்தனை முறை வெளியிடப்பட்டாலும் எடுத்தவருக்கு மேலும் வருவாயில்லை; எங்கு, எவ்வாறு வெட்டப்பட்டு, எத்தகைய விளக்கத்தோடு வெளியாகின்றது என்பதிலே அவருக்குக் குரலுமில்லை. புதிய முறையிலே, ஒரு சஞ்சிகை ஒரு நாட்டில் ஒருமுறை வெளியிடுவதற்கான அனுமதியை மாத்திரமே வாங்கும். அதே படத்தொகுதியைப் பாரிஸிலும் இலண்டனிலும் நியூயோர்க்கிலும் வெவ்வேறு சஞ்சிகைகளுக்கு விற்கலாம். பத்தாண்டின் பின்னர் மீண்டும் விற்கலாம். உழைப்பு ஒருமுறை, வருவாய் பலமுறை. பயணச் செலவைச் சுயாதீனமாக ஈட்டுவதற்கு வழிவகுத்தது இம்மாற்றமே. இதில் ஒரு பங்கை நிறுவனம் எடுத்துக்கொண்டு அலுவலகங்களை நடத்தியது. ரீற்றா வன்டிவேர்ட், மரியா ஐஸ்னர் ஆகிய இரு பெண்கள் நியூயோர்க்கிலும் பாரிஸிலும் இருந்து நடத்திய நிர்வாகம் இல்லாவிடின், தொலைதூரங்களில் அலைந்தோரின் சுதந்திரம் ஒரு மாதங்கூட நிலைத்திராது. சுதந்திரப் பயணியின் பின்னால் மேசையருகே அமர்ந்திருந்தோரை இத்துறையின் வரலாறுகள் போதியளவு கருத்திற் கொள்வதில்லை.

உலகம் உறுப்பினருக்கிடையே பிரித்துக்கொள்ளப்பட்டது. சீமூருக்கு ஐரோப்பா, கார்த்தியே-பிரெசோனுக்கு இந்தியாவும் தூரகிழக்கும், வன்டிவேர்டுக்கு அமெரிக்கா, ரொஜருக்கு ஆபிரிக்காவும் மத்திய கிழக்கும், கப்பா எங்கும் செல்லலாம். இப்பிரிவினை தொழில் வசதிக்காக மேற்கொள்ளப்பட்டதே. எனினும், பேரரசுகள் குலையத் தொடங்கிய அதே ஆண்டிலே ஐவர் உலகப் படத்தை விரித்துத் தத்தம் பகுதிகளை வகுத்துக்கொண்டமை, அக்காலப் பார்வையின் எல்லையைக் காட்டுகின்றது. ஆபிரிக்கா ஒரு பகுதியாகக் கொள்ளப்பட்டது. ஆபிரிக்கர் எவரும் உறுப்பினராக இருக்கவில்லை.

கதையைப் படங்களோடு எழுத்தையும் சேர்த்து, வெளியிடுவதற்கு ஆயத்தமான ஒரே பொதியாக விற்கும் முறையை ரொஜர் திறம்படக் கையாண்டார். கப்பலிலே பயின்ற எழுத்துப்பழக்கம் இங்கு அவருக்குக் கைகொடுத்தது. விரிவான குறிப்புகளைத் தாமே எழுதியமையால், படத்தின் பொருள் பதிப்பாசிரியரின் கையில் முற்றாகச் சிக்குவதை அவர் ஓரளவு தடுக்கமுடிந்தது. பெல்சன் சிறுவனின் படத்துக்கு நேர்ந்ததை நினைவுகூர்வோருக்கு இதன் முக்கியத்துவம் புலப்படும்.

ஆனால் நெகற்றிவைச் சொந்தமாக்கிக்கொண்டதால் கலைஞன் சந்தையிலிருந்து விடுபட்டுவிடவில்லை. முன்னர் ஓர் எசமானன் இருந்தான். இப்பொழுது பலர் இருந்தனர். மக்னத்தின் தொடக்க ஆண்டுகளிலே அதைத் தாங்கிநின்ற வேலைகளுள் ஒன்று, ‘லேடீஸ் ஹோம் ஜேர்னல்’ என்னும் அமெரிக்கப் பெண்கள் சஞ்சிகைக்காக, பன்னிரண்டு நாடுகளின் குடும்பங்களைப் படமெடுத்த தொடராகும். 1949இல் இணைந்த சுவிற்சலாந்துக் கலைஞரான வேர்னர் பிஷொப், 1951ஆம் ஆண்டின் பீகார்ப் பஞ்சத்தைப் படமெடுத்துப் புகழ்பெற்றவர். அவரே, சஞ்சிகைகளுக்காகக் கதை தேடி ஓடும் வாழ்க்கையில் மனங்கசந்திருந்தார். 1954 மே 16ஆம் திகதி பெரு நாட்டின் மலைச்சாலையிலே அவர் பயணஞ்செய்த வாகனம் விழுந்து அவர் இறந்தார். ஒன்பது நாட்களின் பின்னர், ‘லைஃப்’ சஞ்சிகையின் வேலையாக வியட்நாமுக்குச் சென்றிருந்த கப்பா கண்ணிவெடியில் மாண்டார். 1956இல் சீமூர் சூயஸ் பகுதியிலே சுட்டுக்கொல்லப்பட்டார். சுயாதீனப் பயணத்தின் கணக்கேட்டில் இம்மரணங்களும் செலவாகவே எழுதப்படவேண்டியவை.

4

போரை விட்டு விலகிய ரொஜர், 1948ஆம் ஆண்டில் தம் மனைவி சிசிலியுடன் ஆபிரிக்காவின் தெற்கிலிருந்து வடக்காக மோட்டார் வண்டியிற் புறப்பட்டார். மனிதனை மனிதன் அழிக்காத ஓரிடத்தைக் காணவேண்டும் என்னும் வேட்கையே அப்பயணத்தின் உந்துசக்தியாயிருந்தது. 1949இன் தொடக்கத்திலே சூடானின் கோர்டோபான் மாகாணத்திலுள்ள நூபா மலைப்பகுதியை இருவரும் அடைந்தனர். அங்கு எடுக்கப்பட்ட படங்களே ரொஜரின் கலைவாழ்வின் உச்சம் எனக் கருதப்படுகின்றன. 1951ஆம் ஆண்டில் ‘நஷனல் ஜியோகிரபிக்’ சஞ்சிகை அவற்றை வெளியிட்டது. 1955இல் பாரிஸிலே றொபேர் தெல்பீர் என்னும் பதிப்பாளர் சிறுநூலாகவும் வெளியிட்டார். பயணத்தில் துணைநின்ற சிசிலி 1949ஆம் ஆண்டிலேயே மகப்பேற்றின்போது இறந்தார்.

இத்தொகுதியின் தலையாய படம், வெற்றி பெற்ற மல்லன் ஒருவனை இன்னொருவன் தோளிற் சுமந்துவரும் காட்சியாகும். மல்லனின் கட்டுடல் முழுவதும் சாம்பல் பூசப்பட்டிருக்கிறது. கமரா கீழிருந்து நோக்குவதால் அவ்வுருவம் வானத்தை நிறைத்து நிற்கிறது. ஆனால் கண்ணை அவ்வுருவத்தோடு நிறுத்திவிடாது, சுமப்பவனையும் காணவேண்டும். வெற்றியாளனின் உயரம் இன்னொருவனின் தோளால் ஆனது. நூபா மக்களின் மற்போர் அறுவடையோடும் ஊர்களுக்கிடையிலான உறவோடும் பிணைந்த ஒரு சமூக நிகழ்வு. எதிரியைக் கொல்வது அதன் நோக்கமன்று. வெற்றி தனிமனிதனைச் சார்ந்ததாயினும், கொண்டாட்டம் ஊரைச் சார்ந்தது. இந்த உறவை ரொஜர் படத்துக்குள் வைத்திருக்கிறார். தொகுதியின் ஏனைய படங்களிலும் வீடுகளும் வேலைகளும் வாழ்க்கையின் சாதாரண கணங்களும் இடம்பெறுகின்றன. பெல்சனிலே பிணங்களை அடுக்கிய அதே கண்ணே இங்கும் உருவங்களை அடுக்குகிறது. ஆயின், அங்கு கூச்சத்தை விளைவித்த ஒழுங்கமைப்பு, உயிருள்ள மனிதர் தம் பெருமிதத்தைத் தாமே வெளிப்படுத்தும் இவ்விடத்திலே மரியாதையாக மாறுகிறது. இவ்வகையில் நோக்கும்போது, நூபாப் படங்கள் பெல்சனுக்கு ரொஜர் அளித்த மறுமொழி எனக் கொள்வது பொருந்தும்.

அவ்வாறாயினும் விமர்சனம் இவ்விடத்திலே நின்றுவிடலாகாது. ரொஜர் தேடிச்சென்ற கறைபடாத உலகம் அங்கு உண்மையில் இருந்ததா? சூடான் அப்போது ஆங்கில-எகிப்திய கூட்டாட்சியின் கீழ் இருந்தது. நூபா மலைப்பகுதியை வெளியார் தடையின்றிப் புகமுடியாத மூடிய மாவட்டமாகப் பிரித்தானிய நிர்வாகம் 1920களிலேயே வகுத்திருந்தது. அதே பத்தாண்டிலே அங்கு பருத்திச் செய்கையும் புகுத்தப்பட்டது. வரி கட்டுவதற்குப் பணம் வேண்டும். பணத்துக்குப் பருத்தி வேண்டும் என்னும் உறவினால், உலகச் சந்தை அம்மலைகளின் அடிவாரத்துக்கு வந்து நெடுநாளாகிவிட்டது. ஆகவே, காலத்தால் தீண்டப்படாத மக்கள் என்னும் தோற்றமே நிர்வாகத்தின் ஓர் உற்பத்தி எனலாம். வரிக்கணக்கரும் பருத்தி நிறுப்போரும் மாவட்ட அதிகாரியும் ரொஜரின் புகழ்பெற்ற படங்களில் இல்லை.

அவர்கள் ஏன் இல்லை என்பதற்கு விடை இரு வகையானது. ஒன்று, பெல்சனாற் காயப்பட்ட மனத்தின் தேவை. மற்றையது, படத்தை வாங்கிய சந்தையின் தேவை. போரால் அலுத்திருந்த மேலைநாட்டு நடுத்தர வர்க்க வாசகன், தொலைதூரத்து மக்களைப் பழைமை மாறாதவராகவே காண விரும்பினான். பருத்தி மூட்டையின் அருகே நிற்கும் நூபா விவசாயியின் படத்துக்கு அச்சந்தையில் அத்தகைய விலை கிடைத்திராது. ரொஜர் பணத்துக்காக உண்மையைத் திரித்தார் எனக் கூறுவது அநீதியாகும். அவரது நேர்மையான ஏக்கமும் வாசகனின் ஏக்கமும் ஒரே திசையில் அமைந்திருந்தன. அவ்வொற்றுமையே அடுத்த பயணத்துக்கு எரிபொருள் வாங்கியது. சுயாதீனக் கலைஞனின் உண்மையான சிக்கல் இதுவே. சம்பளக்காரனுக்குக் கட்டளை வெளியிலிருந்து வரும்; அதை அவன் அறிந்து எதிர்க்கலாம். சுயாதீனக் கலைஞனுக்கோ, எது விலைபோகும் என்னும் அறிவு தன் இரசனைபோலவே உள்ளே குடியேறிவிடுகிறது. அதை எதிர்ப்பதற்கு, முதலில் அது தன்னுடையதன்று என அவன் உணரவேண்டும்.

5

படங்கள் வெளிவந்த 1951ஆம் ஆண்டிலேயே ரொஜருக்கு ஒரு வேண்டுகோள் வந்தது. நூபா மல்லர்களிடம் தம்மை அறிமுகஞ்செய்து வழிகாட்டினால் 1,000 டொலர் தருவதாக ஒருவர் எழுதியிருந்தார். அவர், ஹிட்லரின் கட்சி மாநாட்டைப் பெருமைப்படுத்தி 1935இல் வெளியான ‘மனத்திண்மையின் வெற்றி’ என்னும் திரைப்படத்தின் நெறியாளர் லெனி ரீபென்ஸ்தால். பெல்சனைக் கண்ட ரொஜர், தம் இருவரது பின்னணிகளையும் சுட்டி, அவரோடு பேசுவதற்குத் தம்மிடம் எதுவுமில்லை என்னும் கருத்தில் மறுத்துவிட்டார்.

வழிசொல்லிப் பரிசில் பெறுவது பயணக் கலைஞரின் பழைய மரபு. முன்னே சென்றவன் பின்னே வருபவனை ஆற்றுப்படுத்துதல் தொழில் அறமாகவே கருதப்பட்டது. அந்த அறத்தை ரொஜர் மீறியமையே இங்கு உயர்ந்த அறமாகிறது. படத்தை விற்கலாம், படத்திலுள்ள மக்களிடம் செல்லும் வழியை விற்கலாகாது என்னும் வரையறையை அவர் தமக்கு வகுத்துக்கொண்டார். வருவாய் நிச்சயமற்ற ஒருவர், கையருகே வந்த 1,000 டொலரை மறுத்தமை அவ்வரையறையின் உறுதிக்குச் சான்று.

ஆனால் மறுப்புக் கடிதத்தால் அச்சிட்ட படத்தைத் திரும்பப் பெறமுடியவில்லை. தோளிற் சுமக்கப்படும் மல்லனின் உருவம் ரீபென்ஸ்தாலை விட்டகலவில்லை. 1960களிலே அவர் தாமாகவே நூபா மக்களைத் தேடிச் சென்றார். 1973இல் ஜேர்மன் மொழியிலும் மறுவருடம் ஆங்கிலத்திலும் வெளியான அவரது வர்ணப்பட நூல் உலகப்புகழ் பெற்றது. 1976இல் இன்னொன்று வெளிவந்தது. அந்நூல்களிலே உடல் தனித்து நிற்கிறது. எண்ணெயும் சாம்பலும் ஒளியும் சேர்ந்து அதைச் சிலையாக்குகின்றன. ரொஜரின் படத்திலே சுமப்பவனுக்கிருந்த இடம் இங்கு சுருங்கி, வலிமையே வழிபாட்டுப் பொருளாகிவிடுகிறது. அமெரிக்க விமர்சகர் சூசன் சொன்டாக் 1975ஆம் ஆண்டில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, இப்படங்களுக்கும் ரீபென்ஸ்தாலின் நாற்சிக் காலத் திரைப்படங்களுக்கும் இடையிலான அழகியல் தொடர்ச்சியை எடுத்துக்காட்டியது. தென்கிழக்கு நூபாவினரின் உடலோவியங்களை ஆராய்ந்து மானிடவியலாளரான ஜேம்ஸ் பாரிஸ் 1972இல் வெளியிட்ட நூல், அவ்வோவியங்கள் வயதுநிலை முதலிய சமூக விதிகளுக்கு உட்பட்டவை எனக் காட்டியிருந்தது. விதிகளை அறிந்த ஆய்வாளர் சமூகத்தைக் கண்ட இடத்திலே, வெளியுலகம் வர்ணத்தை மாத்திரம் கண்டது.

இருவரது படங்களும் அடிப்படையில் ஒன்றே என வாதிடுவோர் உளர். இருவரும் வெளியார், இருவரும் உடலழகால் ஈர்க்கப்பட்டோர், இருவரும் பருத்தியையும் வரியையும் காட்டாதவர்கள். இவ்வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. ரொஜர் விட்டுச்சென்ற வெற்றிடமே ரீபென்ஸ்தால் புகுந்த வாயில் எனவும் கூறலாம். வரலாற்றிலிருந்து ஒரு மக்களைப் பிரித்துக் காட்டும் படம், எத்தகைய நல்லெண்ணத்தோடு எடுக்கப்பட்டாலும், பிறர் தம் கற்பனையை ஏற்றுவதற்கு ஏற்ற பாத்திரமாகிவிடுகிறது. ஆயினும் வேறுபாட்டை மறுப்பது விமர்சனமாகாது. ரொஜரின் படத்திலே மல்லனைத் தாங்கும் தோள் இருக்கிறது. அத்தோளை அகற்றாது வைத்திருந்தமை தற்செயலன்று. அது ஒரு பார்வை.

அம்மக்களின் பிற்கால வரலாறு இவ்விவாதத்துக்கு வேறொரு கனத்தைத் தருகிறது. 1983இல் மீண்டும் மூண்ட சூடானின் உள்நாட்டுப்போர் நூபா மலைகளையும் சூழ்ந்தது. 1992ஆம் ஆண்டில் அரசுத்தரப்பு அங்கு புனிதப்போரை அறிவித்தது. ஊர்கள் எரிக்கப்பட்டன; மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்க்கப்பட்டனர். 2002இல் ஏற்பட்ட போர்நிறுத்தத்தின் பின்னர், 2011இல் போர் மீண்டும் தொடங்கியது. பெல்சனிலிருந்து தப்பி ரொஜர் அடைந்த அடைக்கலம் அதன் மக்களுக்கு அடைக்கலமாக நிலைக்கவில்லை. உலகின் நூலகங்களில் அவர்களின் உடலழகைக் காட்டும் நூல்கள் நிறைந்திருந்தன. அவர்கள் என்ன பயிரிட்டார்கள், யாருக்கு வரி கட்டினார்கள், நிலம் எவ்வாறு கைமாறியது என்பவற்றைக் காட்டும் படங்கள் அத்தகைய பரவலைப் பெறவில்லை.

6

சுயாதீன ஒளிப்படத்தின் பொற்காலத்தைத் தாங்கிய சஞ்சிகைகள் நீடிக்கவில்லை. இலண்டனின் ‘பிக்சர் போஸ்ற்’ 1957இலும், ‘லுக்’ 1971இலும் நின்றன. வாராந்தச் சஞ்சிகையாக ‘லைஃப்’ 1972இல் நின்றது. விளம்பரப் பணம் தொலைக்காட்சிக்குச் சென்றமை இதற்கு ஒரு முக்கிய காரணம். மக்னம் உறுப்பினரும் கம்பனிகளின் ஆண்டறிக்கைகளுக்கும் விளம்பரங்களுக்கும் திரைப்பட நிறுவனங்களுக்கும் படமெடுத்தே தம் சொந்த முயற்சிகளுக்குப் பணந்தேடினர். இன்று படங்கள் கணினிவழிக் களஞ்சியங்களிலே மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. கையடக்கத் தொலைபேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் படமெடுக்கின்றனர். பயணத்துக்குப் பணம் கொடுப்போர் பெரும்பாலும் பயணப்பொருட்களை விற்போராகவும் விடுதி நடத்துவோராகவும் மாறியுள்ளனர். புரவலன் வழியின் முடிவில் நின்ற பழைய நிலை ஒருவகையில் மீண்டுள்ளது. ஆனால் கமராவின் முன்னால் நின்றவர்களும் இப்போது கமரா வைத்திருக்கிறார்கள். 2011இன் பின்னர் தம் ஊர்கள்மீது விழுந்த குண்டுகளை நூபா இளைஞர்களே படமெடுத்து வெளியுலகுக்கு அனுப்பினர். 1947இல் உலகைப் பிரித்துக்கொண்டோர் எதிர்பார்த்திராத மாற்றம் இது.

ரொஜரின் சாதனையை இப்பின்னணியிலேயே மதிப்பிடவேண்டும். படத்தின் உரிமை எடுத்தவருக்கே என்னும் கோட்பாட்டை நிலைநாட்டியோருள் அவர் ஒருவர். அக்கோட்பாடு கலைஞனுக்கும் சஞ்சிகைக்கும் இடையிலிருந்த கணக்கைத் தீர்த்தது. கலைஞனுக்கும் படத்திலுள்ளவருக்கும் இடையிலான கணக்கு அதில் எழுதப்படவேயில்லை. அது எழுதப்படவேண்டியதொன்று என்பதை ரொஜர் கோட்பாடாகச் சொல்லவில்லை. பெல்சனின் பின்னர் போர்ப்படங்களை விட்டமையாலும், 1951இல் ஒரு கடிதத்துக்கு மறுப்பெழுதியமையாலும் செயலிற் காட்டினார். வருவாய் தரக்கூடிய இரு வழிகளை அவர் தாமே அடைத்துக்கொண்டார். அவரது படங்கள் அவரைப் பல நாடுகளுக்குக் கொண்டுசென்றன. அவர் போக மறுத்த இடங்களும் சொல்ல மறுத்த வழியும் அப்படங்களோடு சேர்த்தே வாசிக்கப்படவேண்டியவை.